செந்தூலிலிருந்து செகிஞ்சானுக்கு: ஆறு சைக்கிள், ஒரு வேன், ஓர் அம்மா

செந்தூல்காரர்களுக்கு மலை என்றால் பத்துமலைதான். சைக்கிள் ஓட்டுகிற செந்தூல்காரருக்கோ மலைகள் மூன்று. வடக்கே பத்துமலையைத் தாண்டி, அணைக்கட்டு ஓரமாகக் காட்டுக்குள் வளைந்து போகும் உலு யாம் சாலை ஒன்று. ஜாலான் கோம்பாக்கைப் பிடித்து, டுரியான் கடைகளையும் பூர்வகுடியினர் மருத்துவமனையையும் கடந்து ஏறும் கெந்திங் செம்பா இரண்டாவது. மூன்றாவது, கால் வலுவும் கொஞ்சம் பைத்தியமும் உள்ளவர்களுக்கு மட்டும்: கெந்திங் மலை. 1996-ல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்றம் நினைவிருக்கும். உலகத் தரத்து வீரர்களே அங்கே வாயைப் பிளந்துகொண்டுதான் ஏறுவார்கள். நாங்கள் இதுவரை அதன் உச்சியைத் தொட்டது இரண்டே முறை. இரண்டாவது முறை ஏன் போனோம் என்று இன்னமும் யாருக்கும் விளங்கவில்லை.

எங்கள் வழக்கமான ஞாயிறு ஓட்டம் காலை ஐந்தரைக்குத் தொடங்கும். ஜாலான் செந்தூலில் வாழையிலைக் கடைகள் அப்போதுதான் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருக்கும். அங்கிருந்து ஜாலான் ஈப்போவுக்கு வருவோம். 2014-ல் அதன் ஒரு பகுதிக்கு ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப்பலகை மாறியதே தவிர, எங்கள் வாயில் இன்னும் அது ஜாலான் ஈப்போதான். தைப்பூசத்தை ஒட்டி இரவில் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் வரும் சாலையும் இதுவே. லட்சம் பேருக்கு நடுவே இரவு முழுக்க நகர்ந்து மறுநாள் பத்துமலை போய்ச் சேரும் ரதம். நாங்கள் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் செந்தூலிலிருந்து அரை மணி நேரத்துக்குள் முருகன் காலடியில் நிற்போம். சைக்கிளை விட்டு இறங்காமலேயே ஒரு கும்பிடு. பிறகு செலாயாங் பக்கம் திரும்பிவிடுவோம்.

செந்தூலில் சைக்கிள் புதிதாக வந்த மோகம் என்று நினைப்பவர்கள், காலை நேரத்தில் எங்கள் தே தாரிக் மேசைக்கு வந்து உட்காரும் தாத்தாவிடம் பேச வேண்டும். அணியில் இருக்கும் பதினெட்டு வயதுத் தம்பியின் அம்மாவழித் தாத்தா அவர். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டு ரயில்வே தன் மத்தியப் பட்டறையை இங்கே கட்டியபோதுதான் செந்தூல் என்ற ஊரே உருவெடுத்தது. நீராவி இயந்திரத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டு மறுபடியும் பூட்டி ஓட்டிக் காட்டிய இடம் அது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த பல குடும்பங்களின் முதல் மலாயா முகவரியும் அதுவே. 1945-ல் நேச நாட்டு விமானங்கள் அதன் மேல் குண்டு வீசின. ஜப்பானியர் கையில் இருந்த ரயில் பாதையின் முதுகெலும்பு இங்கே இருந்ததுதான் காரணம்.

“சாயந்திரம் சங்கு ஊதுச்சின்னா, கேட்டைத் தொறந்ததும் ரோட்டுல மனுசனைப் பார்க்க முடியாது, சைக்கிள்தான் தெரியும்” என்பார் தாத்தா. “உங்களை மாதிரி சட்டை ஒட்டிக்கிட்டு இல்ல. டிபன் கேரியர் ஒரு பக்கம், பிள்ளைக்கு வாங்கின ரொட்டி ஒரு பக்கம்.” அவருடைய ரேலி சைக்கிள் பண்டார் பாரு செந்தூல் அடுக்குமாடி வீட்டின் வராந்தாவில் இன்னும் சாய்ந்திருக்கிறது. செயின் துருப்பிடித்துவிட்டது. ஆனால், மணியை அடித்தால் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும்.

பட்டறை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு காலத்தில் ரயில்வே அதிகாரிகள் கோல்ஃப் ஆடிய நிலம், இன்று பூங்காவும் உயர்ந்த கொண்டோக்களுமாக இருக்கிறது. 2005-ல் அங்கே கலை அரங்கமும் திறந்தார்கள். கிழக்குப் பக்கம் எங்களுடையது: அடுக்குமாடிகள், கோவில்கள், மெக்கானிக் கடைகள், லோரிகள். சுண்ணாம்புக்கல் ஏற்றிவர எப்போதோ போட்ட பத்துமலை ரயில் பாதையில் 2010 முதல் கம்யூட்டர் ஓடுகிறது. வாயு வழிச்சாலை போல் தலைக்கு மேலே டூக் நெடுஞ்சாலை பறக்கிறது. நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே, கீழே மிஞ்சியிருக்கும் சாலையை லோரி, பஸ், மோட்டார், உணவு கொண்டுபோகிறவர்கள், நாங்கள் என எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

அந்தப் பங்கில்தான் பயமும் இருக்கிறது.

2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அதிகாலை மூன்று மணிக்கு மேல் சைக்கிளோட்டிய சிறுவர்கள் கூட்டத்தின் மீது ஒரு கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் ஓட்டியது பிரேக் இல்லாத, திருத்திய சிறிய சைக்கிள்கள். நாங்கள் ஓட்டும் சைக்கிளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று எத்தனை முறை விளக்கினாலும், செந்தூல் அம்மாக்களுக்கு அது ஒரே செய்திதான்: சைக்கிளில் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. தம்பியின் அம்மா அந்தச் செய்தியை மறக்கவே இல்லை. தாத்தா சைக்கிள் மிதித்துச் சம்பாதித்த வீட்டில் வளர்ந்தவர்தான். ஆனாலும், மகன் ஹெல்மெட்டை எடுத்தாலே அவர் முகம் மாறிவிடும்.

பாதுகாப்பான இடம் வேறு இருக்கிறதா என்று கேட்பார். நியாயமான கேள்வி. செராஸில் ஒரு வெலோட்ரோம் இருந்தது. அதை இடித்தாயிற்று. புதிய தேசிய வெலோட்ரோம் 2017 சீ விளையாட்டுப் போட்டியை ஒட்டி நீலாயில் திறக்கப்பட்டது. உள்ளரங்கம், அருமையான மரத்தளம். ஆனால், செந்தூல் பையன் ஒருவன் பள்ளி முடிந்து போய்வரும் தூரமா அது? 2014 முதல் ஞாயிறுகளில் நகர மையத்தில் சுமார் 7 கிலோமீட்டர் சாலையைக் காலை ஏழு முதல் ஒன்பது வரை காருக்கு மூடுகிறார்கள். குடும்பத்தோடு போக மிக நல்ல ஏற்பாடு. ஆனால், மூன்று சக்கர வண்டியில் போகும் குழந்தைகளுக்கு நடுவே பந்தயப் பயிற்சி செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

நம்மவர்கள் இந்த விளையாட்டில் எட்டாத உயரம் என்று எதுவும் இல்லை. எம். குமரேசன் 1988 சியோல், 1992 பார்சிலோனா என்று இரண்டு ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகச் சைக்கிள் ஓட்டினார். டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங், 2016-ல் ரியோவில் வெண்கலம், 2017-ல் உலகச் சாம்பியன் பட்டம், பிறகு தோக்கியோவில் வெள்ளி என்று வென்றபோது, செந்தூல் மாமாக் கடைகளிலும் கைதட்டல் கேட்டது. ஆனால், பதக்கக் கதைகளைச் சொல்லி ஓர் அம்மாவைச் சம்மதிக்க வைக்க முடியாது. தம்பியின் அம்மா கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். “போட்டிக்கு அவன் போகலாம். நானும் வருவேன்.”

எங்கள் அணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு பேர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், அவர்தான் மூத்தவர். அரசாங்க மருத்துவமனைத் தாதி ஒருவர், எங்களில் மலையேற்றத்தில் அவரை முந்த ஆள் இல்லை. கம்யூட்டர் பராமரிப்புத் தொழில்நுட்பர், உணவு விநியோகம் செய்யும் இளைஞர், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நான், பிறகு தம்பி. ஒரு நல்ல கார்பன் சைக்கிளின் விலைக்குப் பழைய மைவி காரே வாங்கிவிடலாம் என்பதால், எங்களில் நான்கு பேருடையது இரண்டாம் கை அலுமினிய ஃபிரேம். அணிக்குப் பெயர் வைக்க மூன்று மாதம் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டோம். முடிவு வராததால் ஜெர்சியின் முதுகில் ‘செந்தூல்’ என்று மட்டும் அச்சடித்தோம்.

போட்டி கோலசிலாங்கூர், செகிஞ்சான் வட்டாரத்தில் ஒரு சனி, ஞாயிறு. சனிக்கிழமை அணி நேர ஓட்டம், 24 கிலோமீட்டர். ஞாயிறு காலை எல்லோரும் சேர்ந்து புறப்படும் சாலைப் பந்தயம், 90 கிலோமீட்டர்.

சனி விடியுமுன்னே ஆசிரியரின் மைத்துனர் தந்த வேனில் புறப்பட்டோம். சைக்கிள்களின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் அடுக்கி, இடையிடையே பழைய போர்வை. அம்மா முன் இருக்கையில், மடியில் ஒரு பெரிய பாத்திரத்தோடு. உள்ளே புளிச்சோறு, அவித்த முட்டை, தனியாக ஒரு சீப்பு மாஸ் வாழைப்பழம். ஜெல், பார் என்று வெள்ளைக்காரன் பாக்கெட்டில் விற்பதையெல்லாம் நாங்கள் முயன்று பார்த்திருக்கிறோம். 60 கிலோமீட்டருக்குப் பிறகு உடம்பு கேட்பது மாவும் உப்பும்தான். புளிச்சோற்றில் இரண்டும் உண்டு. உருண்டை பிடித்து நெகிழித்தாளில் சுற்றினால் ஜெர்சிப் பையில் கச்சிதமாக உட்காரும்.

கோலசிலாங்கூரை நெருங்கும்போது இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். ஒரு காலத்தில் ரப்பராக இருந்தவை. தோட்ட முகப்பில் சிறிய மாரியம்மன் கோவில் ஒன்று வேனின் விளக்கில் பளிச்சென்று வந்து மறைந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தஞ்சோங் காராங்கைத் தாண்டியதும் செம்பனை முடிந்து நிலம் திடீரென்று தட்டையாகிறது. கண்ணுக்கு எட்டிய வரை நெல். ஓரமாக நேர்கோட்டில் வாய்க்கால்கள், கொக்குகள், அங்கங்கே பறவை வீடு என்று கட்டிய ஜன்னல் இல்லாத உயரமான கட்டடங்கள். தமிழ்நாட்டில் தஞ்சாவூர்ப் பக்கம் போய்வந்த ஆசிரியர், “கண்ணை மூடித் தொறந்தா திருவாரூர்” என்றார். எனக்குத் திருவாரூர் தெரியாது. செகிஞ்சான் போதும் என்று தோன்றியது. கோலாலம்பூரிலிருந்து பிள்ளைகளோடு ஒரு நாள் போய்வர இதைவிட அமைதியான இடம் அருகில் இல்லை. நாற்று நட்ட பிறகு பச்சையாகவும், அறுவடைக்கு முன் பொன்னாகவும் ஆண்டுக்கு இரண்டு முறை நிறம் மாறும் ஊர்.

சுற்றுலாப் பயணிக்கு அது காட்சி. சைக்கிளோட்டிக்கு அங்கே இருப்பது காற்று மட்டும்தான். மலாக்கா நீரிணையிலிருந்து வருவதைத் தடுக்க மரமோ மேடோ கிடையாது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது நாம் செலவழிக்கும் சக்தியில் மிகப் பெரும் பங்கு காற்றைக் கிழிக்கத்தான் போகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டால் உழைப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அதனால்தான் அணி. ஒருவர் அரை நிமிடம் முன்னால் இழுப்பார், பிறகு விலகிப் பின்னால் போய் ஒட்டிக்கொள்வார், அடுத்தவர் வருவார். பட்டறையில் சம்மட்டி அடிப்பதும் இப்படித்தான், ஆள் மாறி ஆள் மாறி அடித்தால்தான் இரும்பு சூடாக இருக்கும்போதே வேலை முடியும் என்று தாத்தா சொல்லியிருக்கிறார்.

அணி நேர ஓட்டத்தில் நான்கு பேர் புறப்படலாம். கடிகாரம் நிற்பது மூன்றாவது ஆள் கோட்டைத் தொடும்போது. எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகப் பிடித்த விதி இது. முதல் ஆள் எவ்வளவு வேகமாக வந்தாலும் பயனில்லை. தாதி, விநியோக இளைஞர், தொழில்நுட்பர், தம்பி ஆகிய நால்வரையும் இறக்கினோம். ஆசிரியரும் நானும் வேனில் அம்மாவோடு திரும்பும் முனையில் காத்திருந்தோம். ஒருவரும் கீழே விழாமல் வளைவு திரும்பியபோது அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பதினாறாவது கிலோமீட்டரில் தொழில்நுட்பருக்குக் காலில் பிடித்துக்கொண்டது. கை காட்டிவிட்டு விலகினார். மிஞ்சியது மூவர். அவர்களில் அன்றைக்கு இளைத்தவன் தம்பி. இனி அவன் நேரம்தான் அணியின் நேரம். நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த தாதி உடனே வேகத்தைக் குறைத்தார். அவனை முன்னால் வரவே விடாமல், அவரும் இளைஞரும் மட்டும் மாறி மாறிக் காற்றை வாங்கிக்கொண்டார்கள். கடைசி எட்டு கிலோமீட்டரும் அப்படியே. தம்பி பின்னால் தலையைக் குனிந்து சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தான். நேரம் 37 நிமிடத்துக்குச் சற்று மேல். பட்டியலில் நடுவுக்கு மேலே ஓர் இடம். கோப்பைக்கும் எங்களுக்கும் வெகு தூரம். ஆனால் தம்பி, சைக்கிளைப் போட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்தபடி, “அக்கா, நான் இல்லாட்டி நீங்க ரெண்டு நிமிசம் முன்னாலயே வந்திருப்பீங்க” என்றான். தாதி தண்ணீர்ப் புட்டியை அவன் நெஞ்சின் மேல் வைத்தார். “நீ இல்லாட்டி எங்களுக்கு நேரமே கிடையாதுடா” என்றார்.

இரவு செகிஞ்சானில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அம்மா சமைத்தார். மீன் அந்த ஊரில் படகிலிருந்து நேராக வருவதால் குழம்பைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், விட்டுவிடுகிறேன். ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கணைத்தோம்.

ஞாயிறு பந்தயத்தில் எங்கள் திட்டம் எளிது. தட்டையான சாலை, முடிவில் வேகப் பாய்ச்சல். ஆறு பேரில் கடைசி 200 மீட்டரில் பாயக்கூடிய கால் தம்பிக்கு மட்டும்தான். ஆகவே, 89 கிலோமீட்டர் அவனைக் காற்றுப் படாமல் கொண்டுபோவது எங்கள் வேலை. பக்கவாட்டுக் காற்றில் நேர் வரிசை உதவாது. காற்று வரும் பக்கத்திலிருந்து சாய்வாக, வாத்துக் கூட்டம் பறப்பதுபோல் நிற்க வேண்டும். சாலை அகலம் எட்டுப் பேருக்குத்தான் இடம் தரும். ஒன்பதாவது ஆள் சாலையோரப் புல்லில் தவிப்பான். அந்த எட்டுக்குள் தம்பியை வைத்திருக்க ஆசிரியர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயது. 70-ஆவது கிலோமீட்டரில், “இனி உங்க பாடு” என்று சொல்லிவிட்டுக் கழன்றார். 80-ல் நானும் தீர்ந்துபோனேன். முன்கூட்டம் நெல்வயலுக்கு நடுவே வண்ணக்கோடாகச் சிறுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு மெதுவாக மிதித்தேன்.

முடிவுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு வாய்க்கால் பாலம். அங்கே யாரோ இருவரின் சக்கரங்கள் உரசி, பின்னால் வந்தவர்கள் சரசரவென்று சரிந்தார்கள். நான் போய்ச் சேரும்போது பத்துப் பன்னிரண்டு பேர் சாலையில் கிடந்தார்கள். ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு போயிருந்தது. ஆம்புலன்ஸ் ஏற்கெனவே வந்துவிட்டது. தம்பியின் தண்ணீர்ப் புட்டி மட்டும் ஓரத்தில் உருண்டு கிடந்தது. அவனைக் காணோம்.

முடிவுக் கோட்டில் நின்ற அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: முதல் இருபது பேர் பாய்ந்து வந்து முடித்துவிட்டார்கள், மகன் அதில் இல்லை. எதிர்த்திசையில் சைரன் போட்டுக்கொண்டு ஒரு வண்டி போகிறது. காலில் பிடிப்பு சரியாகாததால் அன்று பந்தயத்தில் இறங்காத தொழில்நுட்பர் அவர் பக்கத்தில் இருந்தார். பிறகு எங்களிடம் சொன்னார், “அவங்க ஒண்ணும் கேக்கல. என் கையைப் பிடிச்சாங்க. அவ்வளவு இறுக்கமா யாரும் பிடிச்சதில்ல.”

நான்கு நிமிடம் கழித்துத் தம்பி வந்தான். இடது முழங்கை தோல் உரிந்து, ஜெர்சியில் ‘செந்தூல்’ என்ற எழுத்து பாதி கிழிந்து, முறுக்கிக்கொண்ட ஹேண்டில்பாரைக் கோணலாகப் பிடித்தபடி. விழுந்தவன் எழுந்து, கழன்ற செயினை மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். 43-ஆவது இடம்.

அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. வேன் கதவைத் திறந்து அவனை உட்கார வைத்தார். தாதி பந்தயத்தை முடித்துவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து காயத்தைக் கழுவினார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், தேதி கேட்டார், தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று விசாரித்தார். பிறகு அவனுடைய ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த வெள்ளை நுரையில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

திரும்பும் வழியில் வேனில் பெரும்பாலும் தூக்கம். புக்கிட் ரோத்தானில் தே குடிக்க நிறுத்தியபோது அம்மா அந்த ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“இதை ஒட்டிப் போட்டுக்கலாமா?”

“கூடாதுக்கா” என்றார் தாதி. “ஒரு அடியைத் தாங்கத்தான் அந்த நுரை. நசுங்கி, வெடிச்சு, அடியை வாங்கிக்கும். அப்புறம் அது வெறும் தொப்பிதான். வெளியே நல்லா தெரிஞ்சாலும் தூக்கிப் போட்டுடணும்.”

அம்மா விரிசலை விரலால் தடவினார். “அப்போ இது அடிபடாட்டி…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். தே ஆறிப்போனது. பின் இருக்கையில் தம்பி, கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

செந்தூல் வந்து சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. அடுக்குமாடியின் லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. ஆளுக்கு ஒரு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினோம். தாத்தா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேரனின் கையைப் பார்த்தார், ஹேண்டில்பாரைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு ஸ்பானரோடு வந்து, தரையில் உட்கார்ந்து ஹேண்டில்பாரை நேராக்கத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் இருந்தபோது எனக்கு அழைப்பு வந்தது. தம்பியின் அம்மா.

“தம்பி, அந்த ஹெல்மெட் புதுசு என்ன விலை?”

எண்பது ரிங்கிட்டிலிருந்து இருக்கிறது, நல்லது என்றால் இருநூறு, முந்நூறு ஆகும் என்றேன். அணிச் செலவில் பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொன்னேன்.

“அது வேணாம். நான் தர்றேன். நீங்க கடைக்கு அவனைக் கூட்டிட்டுப் போங்க. மலிவா வாங்கிட்டு வந்துடப் போறான்.”